விற்கக் கூடாத சோப்பு

“திருமதி ரோஸ்பெல்லா அக்கேயோ: மவிம்பி சோப்பு நிறுவனத்துக்கும் உபெபோ சூப்பர்மார்க்கெட் குழுமத்துக்கும் இடையிலான கூட்டு வழங்கல் திட்டத்தின் கிசுமு களத் தூதர். தேவையை முன்கூட்டியே கணித்து, உண்மைத் தகவலை இரு தரப்புக்கும் ஒளிவுமறைவின்றிப் பகிர்ந்து, அலமாரி ஒருநாளும் காலியாகாதபடி காத்தவர். வாடிக்கையாளரின் பற்றுறுதியை விற்பனைத் தளத்திலேயே சோதித்தறியும் புதுமையான முறையை அறிமுகப்படுத்தியவர்.”

மேற்படி வாசகம் நைரோபியில் மவிம்பி தலைமை அலுவலகத்தின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. பக்கத்திலேயே அக்கேயோவின் புகைப்படம். படத்தில் அவள் சிரிக்கவில்லை. ஒரு கையை நீட்டி யாரையோ மறித்துக்கொண்டிருக்கிறாள். படமெடுத்தவர் அதை வரவேற்கும் சைகை என்று எடுத்துக்கொண்டார்.

வாசகத்தில் அவளுடைய பெயர் சரி. ஊரும் சரி. மற்றதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

அக்கேயோ ஆலெகோ பக்கம் பிறந்து கிசுமுவில் வாழ்க்கைப்பட்டவள். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த ஊரின் பெயரால் கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை என்பதால், பெரியவர்கள் அவளை ஆலெகோ மகளே என்பார்கள். கடையில் சின்னவர்கள் அக்கா என்பார்கள். மேனேஜர், காரியம் ஆக வேண்டியிருந்தால் மேடம் என்பார். ஆகாவிட்டால் “ஏய், மஞ்சள் பனியன்” என்பார்.

மஞ்சள் பனியன் மவிம்பி கொடுத்தது. சம்பளமும் மவிம்பிதான். வேலை ஏவுவது மட்டும் உபெபோ. எங்கள் நாட்டுப் பெரிய கடைகளில் பாதிக் கூட்டம் இப்படித்தான்: சோப்புக் கம்பெனிப் பெண், எண்ணெய்க் கம்பெனிப் பெண், மாவுக் கம்பெனிப் பையன். தங்கள் கம்பெனிச் சரக்கை அடுக்கி, துடைத்து, வருகிறவர்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லி விற்க வைப்பதற்காக அனுப்பப்பட்டவர்கள். காலையில் வந்து கையெழுத்துப் போட்டதும் அரிசி மூட்டை இறக்கப் போய்விடுவார்கள். களத்தில் எங்கள் கண்ணும் காதும் இவர்கள்தான் என்று கம்பெனி பெருமைப்படும். சம்பளம் தராமலே கிடைத்த முதுகு என்று கடை சந்தோஷப்படும். உற்பத்தி செய்கிறவனும் சில்லறை விற்கிறவனும் கைகோத்து நடக்க வேண்டும் என்று மேலே கூட்டம் போட்டுப் பேச ஆரம்பித்தது சமீபத்தில்தான். கீழே அந்தக் கை கோத்தல் இவர்கள் முதுகின் மேல் வெகுகாலமாக நடந்துகொண்டிருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளுடைய வேலையைப் புதுப்பிப்பார்கள். பதினோரு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே இருந்ததால் அது இன்னும் தற்காலிக வேலையாகவே இருந்தது. கணவன் படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவன். ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிவிட்டால் படகு ஓடாது, எஞ்சின் கெடாது, அவனும் வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்பான். மூத்தவள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் வருடம். அக்கேயோவின் மஞ்சள் பனியன் கழன்றால் மகளின் வெள்ளை உடுப்பும் கழன்றுவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அவளுடைய எதிரி, அலமாரியின் அடுத்த பாதியில் நிற்கும் லிடியா கெருபோ. ஜபாலி சோப்புக் கம்பெனிப் பெண், கிசீ மலைப்பக்கத்துக்காரி, நீலப் பனியன். இருவரும் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது இரண்டு கம்பெனிகளும் கொடுத்த பயிற்சி. அதற்கு இருவரும் போய், மத்தியானம் கொடுத்த கோழிக்கறியைச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பிறகு ஒருத்தி ஆஸ்பத்திரிக்கோ இழவு வீட்டுக்கோ போனால் இன்னொருத்தி இரண்டு பக்கமும் அடுக்கினாள். உடைந்த கட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது மட்டும் ஒரு மாற்றம். அக்கேயோ வீட்டில் துணி துவைப்பது ஜபாலி. கெருபோ வீட்டில் மவிம்பி.

“உன் சோப்புல நுரை வருது. என்னோடதுல வாசனை மட்டும்தான் வருது,” என்பாள் அக்கேயோ.

“எங்க வீட்டுக்காரருக்கு வாசனை போதும் அக்கா. அவர் சட்டையில அழுக்கு இருக்குன்னு அவரே ஒத்துக்க மாட்டாரு.”

இந்த அமைதிக்குள்தான் கூட்டு வழங்கல் திட்டம் வந்து சேர்ந்தது.

திட்டம் எளிது. இதுவரை கடையில் சோப்பு தீர்ந்தால் மேனேஜர் முதெம்பெய் போன் செய்வார், மவிம்பியின் வட்டார விற்பனை அதிகாரி பர்னபாஸ் மகோகா “நாளைக்கு அனுப்பறேன் சார்” என்பார், அடுத்த வாரம் வரும். இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று இரண்டு தலைமை அலுவலகங்களும் முடிவு செய்தன. இனிமேல் போன் கிடையாது. கடையின் கம்ப்யூட்டரை சோப்புக் கம்பெனியின் கம்ப்யூட்டர் நேரடியாகப் பார்க்கும். பில் போடப் போட இருப்பு குறையும். இருப்பு பத்துப் பெட்டிக்குக் கீழே போனால் லாரி தானாகப் புறப்படும். மனிதர்கள் நடுவில் கை வைக்கக் கூடாது. வைக்க வேண்டுமானால் இரண்டு தரப்பும் மாதாந்திரக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டு வைக்க வேண்டும். முன்னோட்டத்துக்குக் கிசுமு கிளை. பொருள், மவிம்பி நீளக்கட்டிச் சோப்பு.

தொடக்க விழாவுக்கு நைரோபியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். குடோனில் திரை கட்டி, எல்லோரையும் நிற்க வைத்து, “உதாரணத்துக்கு, இப்ப அறுபது பெட்டி மவிம்பி வந்திருக்குன்னு வைங்க,” என்று சொல்லி ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் இருப்பு அறுபது ஏறியது. அதே கணத்தில் நைரோபியில் சோப்புக் கம்பெனியின் திரையிலும் ஏறியது. முதெம்பெய் கைதட்டினார். மகோகா அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார். இளைஞர் சோடா குடித்துவிட்டு மத்தியான விமானத்தில் போய்விட்டார். அந்த அறுபதை அழிக்க மறந்துவிட்டார்.

கடையில் உண்மையாக இருந்த சோப்பு இரண்டு வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. கம்ப்யூட்டரில் அறுபது பெட்டி அப்படியே இருந்தது. அறுபது இருக்கிற கடைக்கு எந்த லாரியாவது புறப்படுமா? புறப்படவில்லை.

அக்கேயோ மேனேஜரிடம் போனாள்.

“சார், மவிம்பி சுத்தமா இல்ல.”

முதெம்பெய் திரையைப் பார்த்தார். “அறுபது பெட்டி இருக்கே மேடம்.”

“அது அந்தத் தம்பி உதாரணத்துக்குப் போட்டது சார். நீங்களும்தானே கைதட்டினீங்க.”

“கைதட்டினேன். அதனாலதான் சொல்றேன். இப்ப நான் இல்லைன்னு எழுதினா, வந்த சோப்பு எங்க போச்சுன்னு கேப்பாங்க. என் கிளையில அறுபது பெட்டி திருட்டுன்னு ஆயிடும். உங்க கம்பெனியைச் சொல்லச் சொல்லுங்க, வரலைன்னு.”

மகோகாவுக்குப் போன் செய்தாள். அவர் அவளைவிட வருத்தப்பட்டார்.

“நாங்க எப்படிம்மா வரலைன்னு சொல்றது? வந்ததா எங்க திரையிலயும் இருக்கு. அனுப்பாத சரக்குக்கு நாங்க பில் போட்டோம்னு ஆகாதா? கடையைச் சொல்லச் சொல்லு, காணோம்னு.”

“ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னா என்ன சார்?”

“அதுக்குத்தான் மாதாந்திரக் கூட்டம் இருக்கே.”

மாதாந்திரக் கூட்டம் நடந்தது. திட்டம் தொடங்கியதிலிருந்து கிசுமுவில் இருப்பு ஒரு நாள்கூடக் குறையவில்லை என்பதற்கு இரு தரப்பும் பரஸ்பரம் பாராட்டிக்கொண்டன.

இல்லாத சோப்பு விற்காது. விற்காததைக் கம்ப்யூட்டர் கவனித்தது. அதற்கு ஒரு மூளை வைத்திருந்தார்கள். இவ்வளவு இருப்பு இருந்தும் ஒரு கட்டிகூட நகரவில்லை என்றால் விலை அதிகம் என்று அர்த்தம். குறைத்தது. அப்படியும் நகரவில்லை. இன்னும் குறைத்தது. வாரம் ஒருமுறை அக்கேயோ காலி அலமாரியின் விளிம்பில் புது விலைச் சீட்டைச் செருகினாள். கிசுமு சரித்திரத்திலேயே மலிவான சோப்பு அதுதான். அதை யாராலும் வாங்க முடியவில்லை, அவ்வளவே.

காலியிடம் கண்ணை உறுத்தாதிருக்கக் கெருபோ தன் ஜபாலியை அகலப் பரப்பி வைத்தாள். அவளுடைய விற்பனை ஏறியது. அவளுடைய கம்பெனி, எதிரியை ஒழித்ததற்காக அவளுக்கு ஒரு பிளாஸ்க் பரிசளித்தது. பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து அக்கேயோவுக்கும் ஊற்றினாள்.

“சங்கடமா இருக்கு அக்கா.”

“சங்கடப்படாம ஊத்து. சக்கரை கம்மி.”

அப்போதுதான் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு நிறுவனத்து இயக்குநர்களும் சேர்ந்து கிசுமுவுக்கு வருகிறார்கள். திட்டத்தின் வெற்றியை நேரில் பார்த்துப் படமெடுக்கப் போகிறார்கள். புதன்கிழமை காலை மகோகாவே கடைக்கு வந்து அலமாரியின் முன் நின்றார். மேனேஜரும் வந்து நின்றார். இரண்டு பேரும் ஜபாலியைப் பார்த்தார்கள். பிறகு அக்கேயோவைப் பார்த்தார்கள்.

“அலமாரியைப் பார்த்துக்கறது யார் பொறுப்பு?” என்றார் முதெம்பெய்.

“எங்க ஆள் பொறுப்புதான்,” என்றார் மகோகா. “வெள்ளிக்கிழமை இது காலியா இருந்தா, இந்தம்மா வேலையை நாங்க புதுப்பிக்க மாட்டோம்.”

“நாங்களும் அதைத்தான் சொல்ல வந்தோம்,” என்றார் முதெம்பெய்.

திட்டம் தொடங்கிய நாளிலிருந்து இரு தரப்புக்கும் முழு உடன்பாடு ஏற்பட்ட முதல் விஷயம் இது.

“சார், நான் என்ன சோப்பு காய்ச்சவா?” என்று கேட்டாள் அக்கேயோ.

“எப்படிங்கிறது உன் சாமர்த்தியம். என்கிட்ட சொல்லாதே. சொன்னா நான் கூட்டத்துல சொல்ல வேண்டியிருக்கும்,” என்று மகோகா கிளம்பிவிட்டார்.

கிபூயே சந்தையில் எலிஷா ஒலுவோச் என்று ஒரு மொத்த வியாபாரி. எழுபதை நெருங்கியவர், எப்போதும் தொப்பி, எப்போதும் கோபம். அவருக்கும் மவிம்பிக்கும் எந்தக் கூட்டுத் திட்டமும் கிடையாது. அவரிடம் ஒரு பழைய போன் இருக்கிறது. சோப்பு குறைந்தால் அதில் லாரி டிரைவரைக் கூப்பிட்டுத் திட்டுவார். வந்துவிடும். அவர் கடையில் மவிம்பி தீர்ந்து யாரும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் அக்கேயோ அவர் முன் போய் நின்றாள்.

“பெரியவரே, அறுபது பெட்டி மவிம்பி வேணும். வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும். சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டாந்துடறேன்.”

ஒலுவோச் தொப்பியைச் சற்றுத் தூக்கி அவளைப் பார்த்தார். “ஆலெகோ மகளே, கல்யாணத்துக்கு நாற்காலி வாடகைக்குக் கேப்பாங்க. பந்தல் கேப்பாங்க. சோப்பை வாடகைக்குக் கேக்கற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். நடுவில் இரண்டு முறை கடைப் பையன்களைக் கூப்பிட்டு அவர்களையும் கேட்கச் சொன்னார்.

“இரு இரு. அந்தக் கடையில சோப்பு இல்ல. கம்ப்யூட்டர்ல இருக்கு. இல்லாத சோப்புக்கு விலை வேற குறைச்சிருக்கு.”

“ஆமா.”

“நான் காட்டுமிராண்டி.”

“அப்படி யாரும் உங்களைச் சொல்லல பெரியவரே. போன்ல ஆர்டர் பண்றதைச் சொன்னாங்க.”

“போன் யார் கையில இருக்கு?” அவர் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டார். “உன் மாமனார் என் கூட ஒரே படகுல மீன் பிடிச்சவர். அதுக்காகத் தர்றேன். ஒரு கட்டி குறைஞ்சாலும் உன் வீட்டு வாசல்ல வந்து உட்காருவேன். எனக்கு வயசாச்சு, உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்.”

அடுத்த சிக்கல் சோப்பைக் கடைக்குள் கொண்டுபோவது. சரக்கு பின்வாசலில் வந்தால் பதிய வேண்டும். பதிந்தால் கம்ப்யூட்டரில் அறுபது நூற்றிருபது ஆகிவிடும், பிறகு அந்தக் கிளைக்கு அந்தப் பிறவியில் லாரி வராது. முதெம்பெய் விதிப்புத்தகத்தை முழுதாகப் புரட்டிப் பார்த்தார்.

“முன்வாசல் வழியா சரக்கு உள்ளே வர்றதைப் பத்தி எதுவும் போடல,” என்றார். “ஏன்னா அப்படி யாரும் செய்ய மாட்டாங்க. நான் வெள்ளிக்கிழமை கொஞ்சம் தாமதமாத்தான் வருவேன்.”

வெள்ளிக்கிழமை கடை திறக்கும் முன், கைவண்டிக்காரர் இருவர் முன்வாசலில் சோப்புப் பெட்டிகளை இறக்க, அக்கேயோவும் கெருபோவும் அவற்றை வாடிக்கையாளர் தள்ளுவண்டிகளில் ஏற்றிப் பில் கவுண்டர்களைத் தாண்டி எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே போகிற பைகளைச் சோதிப்பது மட்டுமே தன் வேலை என்று காவல்காரர் வேறு பக்கம் திரும்பி நின்றார். கெருபோ தன் ஜபாலியை ஒடுக்கி இடம் கொடுத்தாள். அலமாரியில் பாதி, நடைபாதையின் முனையில் கோபுரம் போல மீதி. அக்கேயோவின் கோபுரங்கள் பேர்பெற்றவை. அன்று கட்டியது அவளுடைய ஆயுளிலேயே அழகானது. அதன் மேல் அந்த மலிவு விலைச் சீட்டைப் பெரிய எழுத்தில் மாட்ட வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் சொன்ன விலை. மாட்டாவிட்டால் அபராதம்.

இயக்குநர்கள் வருவது பதினொரு மணிக்கு. கடை திறந்தது எட்டரைக்கு. நடுவில் வாடிக்கையாளர்கள் என்று சிலர் வரக்கூடும் என்பதை, திட்டம் போட்ட பெரியவர்களைப் போலவே, அக்கேயோவும் மறந்துபோயிருந்தாள்.

முதலில் வந்த அம்மாள் இரண்டு கட்டி எடுத்தாள். அக்கேயோ ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, துணிக்கா?”

“பின்னே, சாப்பிடவா?”

“இது கை எரியும்மா.”

அம்மாள் அவளுடைய மஞ்சள் பனியனைப் பார்த்தாள். நெஞ்சில் எழுதியிருந்த மவிம்பியை வாசித்தாள். “போன மாசம் நீதானே இது கையைப் பட்டு மாதிரி ஆக்கும்னு சொன்னே?”

“போன மாசம் எனக்குத் தெரியாது. ஜபாலி எடுங்கம்மா. நுரை நல்லா வரும். நான் வீட்டுல அதைத்தான் போடறேன்.”

பதினோரு வருடத்தில் அந்த நடைபாதையில் அவள் பேசிய முதல் உண்மை அது. அம்மாள் அதை நம்பவில்லை. கம்பெனிக்காரியே வாங்காதே என்கிறாள் என்றால் இதில் ஏதோ லாபம் இருக்கிறது, தனக்கு வேண்டியவர்களுக்கு ஒதுக்கி வைக்கிறாள் என்று முடிவு செய்து, இரண்டு கட்டியை வைத்துவிட்டு முழுப் பெட்டியாகத் தூக்கினாள். போகிற வழியில் போனை எடுத்துத் தங்கைக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அக்கேயோ தடுத்த ஒவ்வொருவரும் இரண்டு பேரை அழைத்தார்கள். மன்யாட்டா குடியிருப்பிலிருந்து பெட்டிக்கடைக்காரப் பெண்கள் சாக்கோடு வந்தார்கள். அவள் கையை நீட்டி மறித்தாள். கெருபோ இந்தப் பக்கம் நின்று மறித்தாள். நீலப் பனியன்காரி மவிம்பியை வாங்காதே என்றால் அது தொழில் பொறாமை என்பது ஊருக்கே தெரியும். கூட்டம் இன்னும் அதிகமானது.

“அக்கா, நான் பேசப் பேசத்தான் வாங்கறாங்க,” என்றாள் கெருபோ. “என் சோப்புக்கு இத்தனை நாள் இந்த மாதிரி பேசியிருக்கலாம்.”

சுமார் பத்தரை மணிக்குத் தொப்பியோடு ஒலுவோச் உள்ளே வந்தார். தன் சோப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தவர் விலைச் சீட்டைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். தான் லாரியில் வாங்கும் விலையைவிட அது குறைவு. ஒரு தள்ளுவண்டியை இழுத்து, பெட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

“பெரியவரே, என்ன பண்றீங்க? இது உங்க சோப்பு.”

“தெரியும். என் கடைச் சோப்புன்னா தரம் நல்லா இருக்கும்னு ஒரு நம்பிக்கை.”

“நான் உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய சோப்பு இது.”

“அது நீ எனக்குத் தர வேண்டியது. இது நான் காசு கொடுத்து வாங்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே ஆலெகோ மகளே. நகரு.”

அவள் நகரவில்லை. வண்டிக்குக் குறுக்கே நின்று கையை நீட்டி மறித்தாள். அந்த நேரத்தில்தான் விளக்கு ஒன்று பளிச்சிட்டது. இயக்குநர்கள் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு முன்னதாகவே வந்துவிட்டார்கள். படமெடுப்பவர் முன்னால், கோட்டுப் போட்ட இருவர் பின்னால், அவர்களுக்கும் பின்னால் முகம் வெளுத்த மகோகாவும் முதெம்பெய்யும்.

சோப்புக் கம்பெனி இயக்குநர் கூட்டத்தைப் பார்த்தார். சாக்குகளைப் பார்த்தார். பாதி இடிந்த கோபுரத்தைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது.

“மெஷின், விலையைக் குறைக்கச் சொன்னப்ப நான் சந்தேகப்பட்டேன்,” என்றார்.

“நாங்க பட்டதே இல்ல,” என்றார் சூப்பர்மார்க்கெட் இயக்குநர்.

அப்போது அக்கேயோவின் குரல் தெளிவாகக் கேட்டது. ஒரு பெட்டிக்கடைக்காரியிடம் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். “சத்தியமா சொல்றேன்மா, மவிம்பி வேண்டாம். ஜபாலிதான் நல்ல சோப்பு. இதை எடுத்துட்டுப் போகாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

சோப்புக் கம்பெனி இயக்குநர் மெல்லத் திரும்பி மகோகாவைப் பார்த்தார். மகோகாவின் வாழ்க்கையில் சிந்திக்காமல் பேசி அவர் தப்பித்த தருணங்கள் பல. அவற்றில் இது தலைசிறந்தது.

“சோதனை சார்,” என்றார். “வேண்டாம்னு சொல்லிப் பார்க்கறோம். சொல்லியும் வாங்கினா அதுதான் நிஜமான வாடிக்கையாளர். பற்றுறுதி.”

“யாரோட யோசனை?”

“இந்தம்மாவோடதுதான் சார்.” ஏதாவது தவறாகப் போனால் பழி அவள்மேல் விழட்டும் என்று உண்மையைச் சொன்னார்.

இயக்குநர் அந்தப் பெட்டிக்கடைக்காரியைப் பார்த்தார். அவள் அக்கேயோவை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டுக் கடைசிக்கு முந்தின பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். “எண்பது விழுக்காடு இருக்கும்போலிருக்கே,” என்று அவர் வியந்தார். எதில் எண்பது என்று யாரும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியை ஒலுவோச் எடுத்தார்.

அன்று மாலை கம்ப்யூட்டரில் மவிம்பி இருப்பு பூஜ்யம். அலமாரியிலும் பூஜ்யம். திட்டம் தொடங்கிய பின் இரண்டும் ஒத்துப்போன முதல் நாள் அது. அதைக் கொண்டாடும் நிலையில் அக்கேயோ இல்லை. அறுபது பெட்டிக் கடன் தலையில் நிற்க, அவற்றின் பணமெல்லாம் உபெபோவின் கல்லாவில் விழுந்திருந்தது. வீட்டுக்குப் போனபோது, வாசலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டு போனாள்.

கம்ப்யூட்டர் மட்டும் உற்சாகமாக இருந்தது. ஒரே நாளில் அறுபது பெட்டி என்றால், இனி தினமும் அப்படித்தான் என்று அது கணித்தது. செவ்வாய்க்கிழமை லாரி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு லாரி. பின்வாசலில் முதெம்பெய் இரு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“குடோன் முழுக்க வச்சாலும் பாதிதான் கொள்ளும். ரெண்டாவது லாரியைத் திருப்பி அனுப்புங்க மகோகா.”

“திருப்பி அனுப்பறதுன்னு திட்டத்துல ஒரு வார்த்தையே இல்ல சார். அனுப்பினா கணிப்பு தப்புன்னு ஆயிடும். போன வாரம்தான் அதுக்கு ரெண்டு இயக்குநர் கைகுலுக்கிப் படம் எடுத்துட்டுப் போனாங்க.”

அக்கேயோ இரண்டாவது லாரியின் படியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிபூயேக்கு விடுங்கண்ணே,” என்றாள். “மகோகா சார், நீங்களும் ஏறுங்க.”

ஒலுவோச் கடை வாசலில் நின்று லாரியைப் பார்த்தார். மகோகா இறங்கி, வேறு வழியில்லாமல், புன்னகைத்தார்.

“முதல்ல என் அறுபது,” என்றார் ஒலுவோச். “மிச்சத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

“அறுபதை நான் எப்படி எழுதறது?” என்று மகோகா அக்கேயோவிடம் முணுமுணுத்தார். “இனாமா? எதுக்கு இனாம்?”

“அந்தத் தம்பி எப்படி எழுதினாரோ அப்படியே எழுதுங்க சார். உதாரணத்துக்கு.”

மகோகா யோசித்தார். பிறகு ‘புதிய கூட்டாளி அறிமுகம், மாதிரிச் சரக்கு, அறுபது’ என்று எழுதி ஒலுவோச்சிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

பெரியவர் வாசித்தார். “இருபது வருஷமா உங்க சோப்பை விக்கறேன். நான் புதுசா?”

“திட்டத்துக்குப் புதுசு பெரியவரே,” என்றாள் அக்கேயோ. “கையெழுத்தைப் போடுங்க. போட்டா உங்க வாசல்ல நீங்களே உட்கார்ந்துக்கலாம்.”

போட்டார். மிச்ச லாரியையும் பேரம் பேசி எடுத்துக்கொண்டார். இல்லாத அறுபது பெட்டி வந்ததாக ஆரம்பத்தில் ஒரு பதிவு. இருந்த அறுபது பெட்டி மாதிரியாகப் போனதாக முடிவில் ஒரு பதிவு. கணக்குப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அக்கேயோவின் வேலையைப் புதுப்பித்தார்கள், மூன்று மாதத்துக்கு. மகள் மூன்றாம் வருடத்துக்குப் போய்விட்டாள். பற்றுறுதிச் சோதனை முறையை எல்லாக் கிளைகளிலும் செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை போயிருப்பதாகக் கேள்வி. எல்டோரெட் கிளையில் ஒரு பையன் வாடிக்கையாளர்களிடம் மவிம்பி வேண்டாம் என்று சொல்ல, அவர்கள் சரி என்று ஜபாலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அவனுக்குப் பயிற்சி போதவில்லை என்று அக்கேயோவை அனுப்பிக் கற்றுத்தரச் சொன்னார்கள். அவள் போனாள், மத்தியானம் கோழிக்கறி இருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

கண்ணாடிச் சட்டத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை. மகோகா செல்போனில் படமெடுத்துக் காட்டினார். தேவையை முன்கூட்டியே கணித்தவர் என்ற இடத்தில் விரலை வைத்து, “இது யாரு?” என்று கேட்டாளாம்.

அவள் செய்தது இதுதான். கிபூயேயில் ஒரு கடையில் அறுபது பெட்டி சோப்பு கடன் வாங்கினாள். அதை இன்னொரு கடையில் அடுக்கினாள். யாரும் வாங்கிவிடாமல் தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. கடனைத் திருப்பிக் கொடுத்தாள்.